வசந்தபாய் எழுதிய 'வேண்டாம்'

வசந்தபாய் அக்கா இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் வந்தது அவருடைய கணவர் செல்வராஜ் அனுப்பியது. காலை ஏழரை மணிக்குப் பாறசாலை ரயில் நிலையத்தில், திருவனந்தபுரம் போகும் பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்தேன். 'என் மனைவி வசந்தபாய் இன்று காலை மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அடக்க ஆராதனை நாளை மதியம் இரண்டு மணிக்கு' என்று இருந்தது. ரயில் வந்தது. ஏறாமல் நின்றேன். அதற்கு மேல் அப்போது ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

இரண்டாவது, பதினொரு மணிக்குத் திருவனந்தபுரத்தில் இருக்கும் எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் வாட்ஸாப் குழுவில் வந்தது. எப்போதோ சுற்றுலா போனபோது எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்து, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்திருந்தார்கள். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் 'எங்கள் குடும்பத்தின் ஓர் அங்கம்' என்று எழுதியிருந்தது. தமிழில் எழுதவில்லை. தமிழில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், பிறகு நான். மாலைக்குள் அந்தப் படத்துக்குக் கீழே ஐம்பது பேருக்குமேல் கைகூப்பியிருந்தார்கள். நானும் கூப்பியிருந்தேன்.

கைகூப்பிய உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய தமிழில் எழுதுகிறேன், மலையாளத்திலும் பெயர்த்துத் தருவேன். குடும்பத்தின் அங்கம் என்று நாம் சொல்லும் அந்தப் பெண்ணை நாம்தான் வெளியே அனுப்பினோம். அது உங்களுக்குத் தெரியும். எதற்காக அனுப்பினோம் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது பொய். அந்தப் பொய்யை நான் வாய் திறந்து சொல்லவில்லை என்பது உண்மை. வாய் திறக்காமல் இருந்ததுதான் என்னுடைய பாதி.

அவர் எங்களிடம் வேலைக்கு வந்தபோது நாற்பதைத் தொட்டிருந்தார். அதற்கு முன் தனுவச்சபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்தவர். மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டு ஆறு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு, அந்த அம்மாள் காலமான பிறகு மறுபடி படித்து, இருபத்து மூன்று வயதுக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து நேர்காணலுக்கு வந்தார். அலுவலகத்தில் எல்லோரும் அவரை வசந்தச் சேச்சி என்பார்கள். நான் மட்டும் அக்கா. ஒரே ரயிலில் போய்வருகிற, வீட்டில் ஒரே தமிழைப் பேசுகிற இரண்டு பேர் நாங்கள். பதவியில் நான் அவருக்கு மேல். வயதில் எட்டு வருடம் கீழே. அவர் இரண்டாவதைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

முதல் வாரத்தில் ஒரு நாள் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். திரையில் தன் பெயரைத் தமிழில் அடித்து, அதைத் தனித்தனி எழுத்தாகப் பிரிக்கும்படி ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் ஒரு வரி எழுதியிருந்தார். ஸ்ப்ளிட் என்ற அந்தக் கட்டளையை இந்தத் தொழிலில் எல்லோரும் முதல் மாதமே படித்துவிடுவோம். ஆங்கிலப் பெயரைக் கொடுத்தால் ஒழுங்காக எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். வசந்தபாய் என்று கொடுத்தால் பா என்ற எழுத்தை ப என்றும் துணைக்கால் என்றும் உடைத்துப்போடும். ய் என்பதன் புள்ளி தனியாக வந்து விழும். கொம்பும் காலும் புள்ளியும் அதற்குத் தனித்தனி உருப்படிகள்.

"எண்ணிப் பாரு மக்கா. எனக்கு எனக்க பேரு ஆறு எழுத்தாக்கும். இதுக்கு ஒன்பது" என்றார். "துண்டு துண்டா, ஆள் தெரியாம அடக்கம் பண்ணின மாதிரி கெடக்கு."

நான் சிரித்தேன். எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. தெரிந்து, ஒதுக்கி வைத்துவிட்ட சங்கதி. எங்கள் வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில், கொஞ்சம் மலையாளத்தில். அவர் சிரிக்கவில்லை. அன்று மதியம் சாப்பிடப் போகாமல், தமிழையும் மலையாளத்தையும் கால் கொம்பு பிரியாமல் எழுத்தாகவே பிரிக்கும் ஒரு சிறு நிரலை எழுதி முடித்தார். யாரும் கேட்காத வேலை அது.

இனிமையானவர் என்று அவரைப் பற்றி எழுதினால் அவரே எழுந்துவந்து அடித்துவிடுவார். நாக்கு அப்படி. எங்களோடு இருந்த அஞ்சு என்ற பெண், ஆட்களின் பெயரை இடைவெளி வரும் இடத்தில் பிரித்து, முதல் துண்டை எடுத்து வாழ்த்துச் செய்தி அனுப்பும்படி எழுதிவிட்டாள். 'எஸ். தங்கம்' என்ற பெயருள்ள அம்மாளுக்கு 'அன்புள்ள எஸ்' என்று போயிற்று. அக்கா எல்லோர் முன்னிலையிலும், "எஸ்-ன்னு விளிச்சா பாறசாலைச் சந்தையில பாதிப் பேரு திரும்பிப் பாப்பாவ" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் அழுதுகொண்டே எழுந்து போனாள். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவருக்கு வராது. மறுநாள் காலையில் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்தத் தமிழ்-மலையாள எல்லையில் மனிதர்கள் தங்கள் பெயரை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று மதியம்வரை சொல்லிக்கொடுத்தார். வீட்டுப் பெயர் முன்னால் வருவது, இனிஷியல் பின்னால் வருவது, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் போட்ட பெயர் இன்னொன்று. "வெட்டுகதுக்கு முன்னே மூட்டு எங்க இருக்குன்னு பாக்கணும், பிள்ளே" என்று முடித்தார். அஞ்சு இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். செய்தி கேட்டு அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

ஒரு தனியார் மருத்துவமனைக்காக நாம் செய்த வேலை உங்களுக்கு நினைவிருக்கும். நோயாளிகளின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு. எந்த நாளில் வர வேண்டும், வெறும் வயிற்றில் வர வேண்டுமா, எந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்று மூன்று மொழிகளில். தமிழ்ச் செய்திகளை எல்லாம் எழுதியவர் வசந்தபாய் அக்கா. மருத்துவமனையின் ஆங்கிலத்தை அவர் மொழிபெயர்க்கவில்லை. அம்பூரிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் ஆளுக்கு எப்படிச் சொன்னால் விளங்குமோ அப்படி எழுதினார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்தின் பெயர் வாயில் நுழையாது. ஆனால் அந்த மருத்துவமனையில் அதை வெள்ளை மாத்திரை என்றால் எல்லா நோயாளிக்கும் தெரியும். ஆகவே அவர் எழுதியது இது: 'அறுவை சிகிச்சைக்கு முன் ஐந்து நாளும் வெள்ளை மாத்திரையைச் சாப்பிட வேண்டாம்'.

தமிழில் ஒரு குறுஞ்செய்திக்குள் எழுபது குறிகள்தான் அடங்கும். குறி என்றால் நாம் எண்ணும் எழுத்து அல்ல. காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் அந்தக் கணக்கு. எழுபதைத் தாண்டினால் செய்தியை வெட்டி இரண்டாக அனுப்ப வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு அக்கா இருபது வரியில் ஒரு நிரல் எழுதியிருந்தார். சொல்லின் நடுவில் வெட்டாது. 'வேண்டாம்', 'கூடாது', 'இல்லை' போன்ற சொற்களை அவற்றின் வினையிலிருந்து பிரிக்காது. இரண்டு துண்டானால் முதல் துண்டிலேயே 'மீதி அடுத்த செய்தியில்' என்று சேர்த்துவிடும்.

"இங்கிலீஷில 'டோன்ட்' முதல்லயே வந்திரும். நமக்கு அப்படியில்ல. வேணுமா வேண்டாமான்னு கடைசியிலயாக்கும் சொல்லுவோம். வாலை வெட்டினா வாக்கியம் தலைகீழா மறிஞ்சிரும்" என்று அன்றைக்கே என்னிடம் சொன்னார். நான் தலையசைத்ததும் நினைவிருக்கிறது.

இந்த ஏற்பாட்டை மருத்துவமனை தொடங்கிவைக்கும் விழாவுக்கு முந்தின நாள் மதியம் அந்த நிரல் அவர்களுடைய சர்வரில் ஓடவில்லை. எழுத்தாகப் பிரிப்பதற்கு அது நம்பியிருந்த ஒரு வசதி, அங்கிருந்த பழைய பதிப்பில் இல்லை. மேலாளர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அக்கா அன்று திருச்சபைக் கூட்டம் என்று விடுப்பில் இருந்தார். நான் இருபது வரியையும் எடுத்துவிட்டு ஒரே வரியை எழுதினேன். செய்தியை எழுபது எழுபது குறியாக வெட்டு. ஒவ்வொரு துண்டையும் தனிச் செய்தியாக அனுப்பு. ஓடியது. மேலாளர் என் தோளைத் தட்டினார்.

திங்கட்கிழமை சரிசெய்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அந்தத் திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. அவர் நினைவூட்டினார். மறுபடியும் நினைவூட்டினார். மூன்றாம் முறை கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"தமிழில் செய்தி வாங்குகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர், அக்கா?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நீயும் வீட்டில இதைத்தானே மக்கா பேசுறே?" என்றார். "ஒருத்தரு உண்டுன்னா போதாதா?"

அந்த ஒருவர் அம்பூரியில் இருந்தார். தங்கையன் என்று பெயர். அறுபத்தோரு வயது. ரப்பர் வெட்டி ஓய்ந்தவர். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. இதயத்துக்காக நெடுநாளாக வெள்ளை மாத்திரை சாப்பிட்டுவந்தார். அக்கா எழுதிய செய்தி அவருக்குப் போயிற்று. என்னுடைய வரி அதை எழுபதாவது குறியில் வெட்டியது. எழுபதாவது குறி, 'வேண்டாம்' என்ற சொல்லின் நடுவில் இருந்தது. 'சாப்பிட வேண்ட' என்பதுவரை முதல் செய்தி. துணைக்காலும் ம் என்ற எழுத்தும் இரண்டாவது செய்தி.

வேண்டும், வேண்டாம் இரண்டும் அந்த இடம்வரை ஒன்றுதான். யாரும் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் ஐந்து நாளும் தவறாமல் சாப்பிட்டார். மருத்துவமனையில் செவிலியர், செய்தியில் சொன்னபடி மாத்திரை விஷயத்தைச் செய்தீர்களா என்று கேட்டிருக்கிறார். சொன்னபடியே செய்தேன் என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். இருவரும் உண்மையைத்தான் பேசினார்கள். அறுவை சிகிச்சையில் ரத்தம் நிற்கவில்லை. ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து இறந்துபோனார்.

அந்தக் கைபேசியில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துப் படமெடுத்து வரும்படி மேலாளர் என்னை அனுப்பினார். "ஒந்நும் சம்மதிச்சுக் கொடுக்கருது" என்று மலையாளத்தில் சொன்னார். எதையும் ஒப்புக்கொண்டுவிடாதே என்று. அக்காவுக்கு விஷயம் தெரிந்து, "நானும் வாறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ். ரப்பர் மரங்களுக்கு நடுவே மேடேறிப் போனால் ஓட்டு வீடு. முற்றத்தில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை.

தங்கையனின் மருமகள் ஷீபா கைபேசியைக் கொண்டுவந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள்தான். பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியம். முதல் செய்தியைக் காட்டினாள். அதற்குக் கீழே, மூன்று நாள் கழித்து வந்த இன்னொரு செய்தி. அந்த மேட்டில் சிக்னல் கிடைப்பது அவ்வளவுதான். அதில், தாங்கும் எழுத்து இல்லாதபோது கைபேசி போடும் புள்ளி வட்டம் ஒன்று, அதோடு ஒட்டிய துணைக்கால், பிறகு ம். வேறு ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரன் அனுப்பும் குப்பை என்று நினைத்திருக்கிறார்கள்.

"நான்தானே வாசிச்சுச் சொன்னேன்" என்றாள் ஷீபா. "வேண்ட-ன்னு நின்னுச்சு. மாமா, மாத்திரை சாப்பிடணுமாம், ஒரு நாளும் விடப்பிடாதாம்னு நான்தான் சொன்னேன். அவரு ஒரு நாளு மறந்து படுத்தாரு. நான் எழுப்பிக் கொடுத்தேன்."

அவள் கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வீட்டில் அவளோடு யாரும் பேசுவதில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

நான் படம் எடுத்துக்கொண்டேன். போகலாம் என்று அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் அசையவில்லை. ஷீபாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"நீ வாசிச்சது சரியாக்கும். எவ வாசிச்சாலும் அப்படித்தான் வாசிப்பா. தப்பு எங்களுக்கு. செய்தியை வெட்டினது நாங்க. வெட்டப்பிடாத எடத்தில வெட்டிப்போட்டோம். உனக்க மேல ஒரு குத்தமும் இல்ல. கேட்டியளா எல்லாரும்? இவ மேல ஒண்ணும் இல்ல."

ஷீபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'நாங்கள்' என்று அவர் சொன்ன சொல்லுக்குள் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன். இறங்கி வரும் வழியில், "ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள், கேஸ் ஆகிவிடும்" என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

இது குறித்த விசாரணைக் கூட்டம் மறுநாள் காலையில் அலுவலகத்தில் நடந்தது. மேலாளர், மருத்துவமனையிலிருந்து வந்த ஒருவர், நான், அக்கா. தமிழ்ச் செய்தியை எழுதியது யார் என்று மேலாளர் கேட்டார். அக்கா, "நான்" என்றார். எழுபது குறிக்கு மேல் போகிறது என்று தெரியாதா என்றார். தெரியும் என்றார் அக்கா. தெரிந்தும் ஏன் அவ்வளவு நீளமாக எழுதினீர்கள் என்றார் மேலாளர்.

அப்போது அக்கா என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. பேசுவதற்கு ஒருவருக்கு இடம் விடுவோமே, அப்படிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். நான் என் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினேன். மருத்துவமனைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அக்கா கண்ணை எடுத்துக்கொண்டு, "என் பிழை அதில் என்னன்னு நான் யோசிச்சுச் சொல்லுகேன்" என்றார்.

அறிக்கையில் எழுதப்பட்டது இதுதான்: தமிழ்ச் செய்தி அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி எழுதப்பட்டிருந்தது, எழுதிய பணியாளர் அனுமதியின்றி நோயாளியின் குடும்பத்திடம் பேசினார். அவரை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். உங்களிடம் சொல்லப்பட்டதும் இதுவே. செய்தியை வெட்டிய வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யார் என்ற பதிவில் அதன் பக்கத்தில் என் பெயர் இருந்திருக்கும்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் மருத்துவமனை புதிய சர்வரை வைத்தது. நான் அக்காவின் இருபது வரியை எடுத்துப் பொருத்தினேன். சரியாக ஓடியது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் விற்ற எல்லா ஏற்பாட்டிலும் அதுதான் இருக்கிறது. அதை எழுதியவர் என்று பதிவாகியிருப்பது நான். அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு வந்தது. நிறுவனத்தின் ஆண்டு விழாவில் கை தட்டினீர்கள்.

அக்கா பாறசாலையில் ஒரு சிறிய கடை போட்டார். விண்ணப்பம் நிரப்புவது, ஆதார் திருத்தம், தமிழில் மனு அடித்துக் கொடுப்பது. ரயில் நிலையத்துக்குப் போகும் என் வழியில்தான் அது இருந்தது. நான் வழியை மாற்றிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் அப்படிச் சுற்றிப் போனேன். ஒரு மழை நாளில் வேறு ஒதுங்க இடமில்லாமல் அந்தக் கடை வாசலில் போய் நின்றபோது, அவர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்து, "உள்ளே கேறி நில்லு, நனையாதே" என்றார். ஸ்டூலைத் தள்ளிவிட்டார். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். நான் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"அன்றைக்கு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை?"

"நீ சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றார்.

கோபமே இல்லை அதில். விண்ணப்பத்தில் பிறந்த ஊரை நிரப்புவதுபோலச் சொன்னார். பிறகு, தட்டச்சை நிறுத்திவிட்டு, தன் மனதில் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்த ஒன்றை என்னிடம் சொன்னார்.

"எனக்க பிழையை நான் கண்டுபிடிச்சேன் கேட்டியா. 'சாப்பிடக் கூடாது'ன்னு எழுதியிருக்கணும். அப்படின்னா எங்க வெட்டினாலும் 'சாப்பிடக்'ன்னு அந்த 'க்' நிக்கும். ஷீபா தமிழ் படிச்ச பிள்ளை. 'க்' நின்னா அடுத்தது 'கூடாது'தான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். 'வேண்டாம்' நல்லா மரியாதையா இருக்கேன்னு நான்தான் போட்டேன்."

இரண்டு ஆண்டுகளாக அவர் அந்த ஒரு மெய்யெழுத்தைத் தூக்கிச் சுமந்திருக்கிறார். வெட்டியவன் நான், எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து மழை விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது உங்கள் பிழை இல்லை அக்கா என்று சொல்வதற்கு எனக்கு ஒரு வாக்கியம் போதும். அம்பூரி வீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு அவர் அதைச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. மழை விட்டது. வந்துவிட்டேன்.

அடக்கத்துக்குப் போனேன். நிறுவனத்திலிருந்து பெரிய மலர்வளையம் வந்திருந்தது. மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போதகர் அக்காவின் உண்மையைப் பற்றிப் பேசினார். எந்த உண்மை என்று அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மாலை செல்வராஜைப் பார்க்க அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அவர் நெய்யாற்றின்கரையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாக, ஒன்றையும் வெட்டாமல்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அவ சொன்னா. நீ வருவேன்னும் சொன்னா. ஒரு வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தா. பிறகு சொல்லுகதை நிறுத்திட்டா."

உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வாசலுக்கு வந்தபோது, "அம்பூரிக்குப் போனியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அவ மாசம் ஒருக்க போவா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஷீபா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அக்கா இறந்தது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. அக்கா அன்று எல்லோர் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் தன்னை அந்த வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள் என்றாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். செய்தியை வெட்டியது அக்கா இல்லை, நான், நான் மட்டும்தான்.

அவள் வாசல் நிலையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு இந்த வாசல்லதானே சாரே நின்னீங்க?" என்றாள். "அவங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டு?"

ஆமாம் என்றேன்.

"செரி. போயிட்டு வாங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

நேற்று நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். வரியை எழுதியவன் யார், எடுக்கப்பட்ட நிரல் யாருடையது, அறிக்கையில் என்ன விடப்பட்டது, எல்லாம். என் வேலை போகும். வக்கீல் நோட்டீசும் வரலாம். இதைத் துணிச்சல் என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். கேட்க வேண்டியவர் உயிரோடு இருந்தபோது செய்திருந்தால் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தியிருக்கும். அந்த நிரலின் தலையில் இருந்த என் பெயரை அழித்து, கே. வசந்தபாய், பாறசாலை என்று தமிழிலேயே எழுதினேன். நாளை யாராவது அதை மாற்றிவிடக்கூடும். எனக்கு அதிகாரம் இருக்கும்வரை இருக்கும்.

வழக்கமாக இப்படி எழுதுகிறவர்கள் போனவரிடமிருந்து ஏதாவது நல்லதை எடுத்துவைத்துக்கொள்வார்கள். அவருடைய கண்டிப்பு, நாக்கு, எழுத்தின் மேல் வைத்திருந்த மரியாதை, இவற்றில் எதையும் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அவற்றை அஞ்சு எடுத்துக்கொள்ளட்டும், ஷீபா எடுத்துக்கொள்ளட்டும். என்னிடம் இருப்பது அந்தக் கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். நான் யோக்கியன் என்று ஒருவர் கடைசியாக நம்பியது அப்போதுதான். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.